ஐந்து நாற்பதுக்கு நூற்று ஐம்பத்தொன்று

“தூங்குறப்பவும் நான்தான் போட்டுக்கணுமா?”

“தூங்குறப்பதான் முக்கியமாப் பாக்குறாங்களாம். ஓடுறப்ப எல்லாருக்கும்தான் அடிக்கும். சும்மா கிடக்குறப்ப எப்படி அடிக்குதுங்கிறதுதான் அவங்களுக்குக் கணக்கு.”

“அப்ப உங்களுக்குப் பதிலா நான் தூங்கணும்.”

“தூங்கு. நீதான் அதுல கெட்டிக்காரியாச்சே.”

அப்பா சிரிக்காமல்தான் இதைச் சொன்னார். அம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று சமையலறைக் குழாயைத் திறந்து வைத்திருந்தார். பாத்திரம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது; இருவருமே எழுந்து நிறுத்தவில்லை. மேசையில் எங்களுக்கு நடுவே அந்தக் கறுப்பு ரப்பர் பட்டை கிடந்தது. அதன் அடிப்பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு, மேலே எந்தக் கையும் இல்லாதபோதும் எதையோ தேடுவதுபோல மினுக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நான்காக மடித்த மஞ்சள் தாள்.

அப்பா பஸ் டிரைவர். இருபத்தாறு வருடங்களாக எழுபத்தொன்றாம் நம்பர். ஐம்பது வயதைத் தாண்டிய டிரைவர்கள் எல்லோருக்கும் டிப்போவில் அந்த மாதம்தான் பட்டை கொடுத்திருந்தார்கள். மணிக்கட்டின் தோலுக்குள் அந்தப் பச்சை வெளிச்சம் புகுந்து, ரத்தம் போய்வருவதைப் பார்த்து, நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று எண்ணும். ஸ்டியரிங்கின் அதிர்வில் எண்ணிக்கை குழம்பிவிடுவதால் வண்டி ஓட்டும்போது மட்டும் கழற்றி வைக்கலாம். மற்ற நேரமெல்லாம் கையில் இருக்க வேண்டும். காலையில் வேலைக்குப் போனதும் டைம் கீப்பரின் மேசையிலிருக்கும் தட்டில் வைத்தால், முந்தின நாள் முழுவதும் கம்ப்யூட்டருக்குள் போய்விடும். வாரக் கடைசியில் அவரவர் பெயருக்கு நேரே ஒரு நிறம். பச்சை வந்தால் ஒன்றுமில்லை. மூன்று மஞ்சள் வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி, பெரிய ஆஸ்பத்திரிக்குச் சோதனைக்கு அனுப்புவார்கள். முடிவு வரும்வரை பஸ் கழுவும் இடத்தில் வேலை.

சோதனைக்கு அப்பா பயப்படவில்லை. கழுவும் இடத்துக்குத்தான் பயந்தார். அங்கே போன யாரும் திரும்பி வண்டி எடுத்து அவர் பார்த்ததில்லை. எதிரெதிரே பஸ்கள் கடக்கும்போது டிரைவர்கள் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிக்கொள்வார்கள், பேச்சில்லாத ஒரு வணக்கம். அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் ரப்பர் பூட்ஸும் குழாயுமாக டிப்போ வாசலில் நின்றபோது, உள்ளே வந்த ஒரு வண்டிகூட அந்த இரண்டு விரலைத் தூக்கவில்லையாம். தானும் தூக்கவில்லை என்று அப்பா ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவில் சொன்னார். “ஏன்னு தெரியலை. கை எழும்பலை.”

இதில் வேடிக்கை என்னவென்றால், பட்டை வந்த முதல் வாரம் நாங்கள் மகிழ்ச்சியாக இருந்தோம். அதோடு வந்த சின்னப் புத்தகத்தை நான்தான் உட்கார்ந்து படித்தேன். இருநூற்று இருபதில் வயதைக் கழிக்க வேண்டும். அப்பாவுக்கு ஐம்பத்து நான்கு, ஆகவே நூற்று அறுபத்தாறு. அதுதான் அவருடைய இதயம் போகக்கூடிய உச்சம். உடற்பயிற்சியின்போது அதில் பாதிக்கு மேல், முக்கால் பங்கு வரை போனால் நல்லது. அந்த அளவில் வாரத்துக்கு நூற்றைம்பது நிமிடம் வேண்டும். நான் இதை விளக்கி முடிப்பதற்குள் அப்பா மாடிப்படி ஏறி இறங்கி வந்து கையை நீட்டினார். நூற்று நாற்பது.

“ஒரு மாடிக்கே பாரு. மத்தவனெல்லாம் ஓடி ஓடிச் சாகுறான். எனக்கு ஷூ லேஸ் கட்டினாலே எரியுது.”

நானும் சிரித்தேன். எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டோம், பரீட்சை மார்க் மாதிரி. குறைந்த உழைப்பில் நிறையக் கலோரி எரிக்கிற அதிர்ஷ்டக்கார உடம்பு என்று அப்பா தன் வயிற்றைத் தட்டிக்காட்டினார். ஒரு மாடி ஏறுவதற்கு ஓர் இதயம் இவ்வளவு ஓட வேண்டியிருக்கிறதே என்று அந்த மேசையில் யாரும் கேட்கவில்லை. புத்தகத்தின் பதினோராம் பக்கத்தில் அது இருந்தது. நான் ஒன்பதாம் பக்கத்தோடு நிறுத்தியிருந்தேன்.

அந்த வாரக் கடைசியில் மஞ்சள் வந்தது. பயிற்சி நிமிடங்கள் எவ்வளவோ தாண்டியிருந்தன. ஆனால் படுத்திருக்கும்போது துடிப்பு தொண்ணூற்று நான்கு. அறுபதிலிருந்து எண்பதுக்குள் இருந்தால் நல்லது என்று தாளில் எழுதியிருந்தது. அப்பா அதை இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். மூன்றாம் நாள் குழாயைத் திறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்தும் வேலை பார்க்கிறேன். அதற்கு முன்பு, பள்ளியில் படித்த காலத்தில், ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓடியவள். இப்போதும் காலையில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஓடாவிட்டால் அன்றைக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சலாக இருக்கும். அப்பாவுக்கு இது தெரியும். அன்றிரவு பட்டையைக் கட்டிக்கொண்டு படுத்தேன். விடிந்ததும் பார்த்தேன், ஐம்பத்தொன்பது.

ஒரேயடியாக இறங்கினால் சந்தேகம் வரும் என்று நான் சொன்னேன். காப்பியை விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன் என்றார் அப்பா. உண்மையிலேயே விட்டும் விட்டார், பாவம். பொய்க்குத் துணையாகக் கொஞ்சம் உண்மை இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்.

அதன் பிறகு எங்கள் காலை இப்படி ஆனது. நான் ஓடிவிட்டு வருவேன். அப்பா சீருடையோடு வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் நிற்பார். பட்டையைக் கழற்றி அவர் கையில் வைப்பேன். “சூடா இருக்கே” என்பார் ஒவ்வொரு நாளும், அப்போதுதான் இறக்கிய பாத்திரத்தைத் தொட்டவர்போல. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், டிப்போ வாசலுக்கு முன்னாலிருக்கும் மரத்தடியில் நின்று, எண் விழாதபடி தளர்வாகக் கட்டிக்கொள்வார்; தட்டில் வைத்து எடுத்த பிறகு, வண்டி ஓட்டும் நேரமென்று பகலெல்லாம் பையிலேயே கிடக்கும். மாலையில் வந்ததும் என்னிடம் திரும்பி வரும். எனக்கென்று சொந்தமாக ஒரு பட்டை உண்டு. அது வலது கையில், அப்பாவுடையது இடது கையில். நானும் அப்பாவும் வீட்டில் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தோம்.

முதல் நாள் இரண்டையும் கட்டிக்கொண்டு என் வேகத்தில் அரை மணி நேரம் ஓடினேன். இரண்டிலும் துடிப்பு ஒன்றுதான், நூற்றைம்பது. ஆனால் என் பட்டை கலோரி முந்நூறு என்றது, அப்பாவுடையது நானூற்றுத் தொண்ணூறு என்றது. ஒரே கால்கள், ஒரே இதயம், ஒரே பாதை. வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன். கலோரியை எந்தப் பட்டையும் பார்ப்பதில்லை. துடிப்பை மட்டும் பார்த்துவிட்டு, நாம் முதலில் எழுதிக் கொடுத்த வயது, எடை, ஆணா பெண்ணா என்பதையெல்லாம் சேர்த்து ஒரு யூகம் சொல்கிறது. என் பட்டையில் ஐம்பது கிலோ பெண். அப்பாவுடையதில் தொண்ணூற்றிரண்டு கிலோ ஆண். நான் ஓடியதற்கு அவருடைய தொப்பை கரைந்ததாகக் கணக்கு. இதைச் சொன்னபோது அப்பா இருமல் வரும்வரை சிரித்தார். இருமல் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது.

மூன்றாம் நாள் டைம் கீப்பர் மூலம் ஒரு தகவல் வந்தது. நூற்றைம்பது அவர் வயதுக்கு அதிகம், சிவப்பில் போகிறது, மெதுவாகச் செய்யச் சொல்லுங்கள். சொல்லி அனுப்பியவர் தொழிலாளர் நல அதிகாரி. டிரைவர்கள் அவருக்கு நாடி சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். கைகுலுக்கும்போதுகூட மணிக்கட்டைப் பிடித்து எண்ணுகிறார் என்று கேலி. அவர் ஒன்றும் கெட்டவரில்லை. இளைஞர், ஒல்லி, சட்டைக் காலர் எப்போதும் ஒரு பக்கம் மடங்கியிருக்கும். ஐம்பது டிரைவர்களின் தூக்கத்தைத் தினமும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதில் எது யாருடையது என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

ஆகவே நான் அப்பாவின் வயதில் ஓடக் கற்றுக்கொண்டேன். நூற்று இருபதைத் தாண்டக் கூடாது. அது ஓட்டமல்ல, நடையுமல்ல, தண்ணீருக்குள் ஓடுவதுபோல. முழங்காலை அதிகம் தூக்காமல், தோளைத் தொங்கவிட்டு, மேட்டில் நின்று மூச்சு வாங்கி. மற்றவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். சில காலைகளில் தேக்கத்தின் மேல் பனி நிற்கும்போது, முன்னால் கொஞ்ச தூரத்தில் அப்பா இதே தோள்களோடு போய்க்கொண்டிருப்பதாகவும், நான் அவருடைய காலடியில் கால் வைத்துப் போவதாகவும் தோன்றும். அவர் அப்போது வீட்டில் சீருடையை மாட்டிக்கொண்டு, வாசலில் எனக்காகக் காத்திருப்பார்.

அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா வீட்டின் பின்னறையில் பள்ளிச் சீருடைகள் தைப்பவள். நாள் முழுக்க அந்த மோட்டார் மெஷின் ஓடும். பல வருடங்களாக அப்பாவை நடக்கச் சொல்லி, டாக்டரைப் பார்க்கச் சொல்லி அவள் நச்சரித்துக்கொண்டிருந்தவள். இரண்டாவது வாரம் பச்சை வந்ததும் நச்சரிப்பு நின்றுபோனது. சாப்பிடும்போது நடுவில் கைநீட்டி, என் செல்போனில் அப்பாவின் எண்களைக் காட்டச் சொல்வாள். பட்டையை அதோடு இணைத்து வைத்திருந்தது நான்தான்.

“ராத்திரி அறுபதுதான். பாருங்க, இருபத்திநாலு வயசுப் பிள்ளை மாதிரி அடிக்குது உங்களுக்கு.”

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். என் வயது இருபத்து நான்கு. அம்மா அதை யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்த ஓர் எண். நான் செல்போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன்.

அம்மா நிம்மதியானதுதான் இதில் எல்லாவற்றையும்விட மோசம் என்று இப்போது நினைக்கிறேன். முன்பு அப்பா பாதி மாடியில் நின்றால், கீழேயிருந்து அவள் குரல் வரும்: என்ன பண்ணுது. இப்போது அவர் நின்றால் அவள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. எண் நன்றாக இருக்கிறதே. அப்பா நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு வாயு என்றால், வாயுதான்.

ஐந்தாவது வாரம் ஒரு புதன்கிழமை. புதன் அப்பாவுக்கு விடுமுறை, எங்கள் கடை அரை நாள். மதியம் சாப்பிட்டுவிட்டு அப்பா ஹாலில் நாற்காலியில் தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. பாதங்கள் வீங்கி, சாக்ஸின் விளிம்பு தோலில் வளையமாகப் பதிந்திருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, இடது கையிலிருந்து பட்டையைக் கழற்றி அவர் கையில் கட்டினேன். தொண்ணூற்றேழு. பிறகு அறுபத்தொன்று. நூற்றுப்பத்து. எண்பத்தெட்டு. எண்கள் படியில் தவறி விழுகிற மாதிரி வந்தன. பட்டை தளர்ந்திருக்கிறது என்று நினைத்து இன்னொரு துளை இறுக்கினேன். அதே மாதிரிதான். மூன்று நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு எட்டு வைத்தால் அம்மாவின் முன்னால் நிற்கலாம்.

நான் பட்டையைக் கழற்றி என் கையில் கட்டிக்கொண்டேன். அறுபத்து நான்கு. எவ்வளவு ஒழுங்காக இருந்தது.

மாலையில் அப்பாவிடம் மட்டும் சொன்னேன், தனியாக ஒரு டாக்டரைப் பார்த்துவிடலாம், டிப்போவுக்குத் தெரியாமல். பார்க்கலாம் என்றார். பள்ளி விடுமுறை முடியட்டும், இப்போது எழுபத்தொன்றில் கூட்டம். பிறகு கேட்டார், “எனக்குக் கட்டிப் பாத்தியா?” ஆமாம் என்றேன். எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை அப்பா புதுச் செய்தியோடு வந்தார். நாடி சார் அவரைத் தன் அறைக்கே கூப்பிட்டாராம். புதன் மதியம் மூன்று நிமிடம் மட்டும் கோடு கண்டபடி ஓடுகிறது என்று காட்டினாராம். பட்டை லூசாக இருந்திருக்கும் என்று அவரே சொல்லி, இவ்வளவு அழகான கோட்டில் அது எதற்கு என்று, அப்பாவின் கண்ணெதிரிலேயே அழித்துவிட்டாராம். முதல் வாரத்துக்குப் பிறகு அப்பாவின் சொந்தத் துடிப்பென்று அதில் இருந்தது அந்த மூன்று நிமிடம்தான்.

அதோடு விடவில்லை. தொண்ணூற்று நான்கிலிருந்து அறுபதுக்கு வந்த ஒரே டிரைவர் என்று அப்பாவின் கோட்டைப் பெரிதாக அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அப்பாவின் படம் அதன் மூலையில். நீச்சல் வீரர்களுக்குத்தான் இவ்வளவு மெதுவாகத் துடிக்குமாம் என்று, கண்டக்டர்கள் அவரை நீச்சல் வீரர் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். கழுவும் இடத்திலிருந்த அந்தப் பழைய கூட்டாளி ஒருநாள் பக்கத்தில் வந்து, எப்படி இறக்கினாய் என்று ரகசியமாகக் கேட்டாராம். தனக்கும் சொல்லித் தரச் சொன்னாராம். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

எட்டாவது வாரம் டிப்போவுக்கு வருடாந்திரச் சோதனை வண்டி வந்தது. உள்ளே நடக்கும் மெஷின் ஒன்று இருக்கும். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். எல்லோருக்கும் நேரமில்லை என்பதால் தொடர்ந்து பச்சை வாங்கியவர்களுக்கு விலக்கு என்று பட்டியல் போட்டார்கள். முதல் பெயர் அப்பாவுடையது. அந்தத் தாளை அவர் புதன்கிழமை காலையில் என்னிடம் காட்டினார், பள்ளியில் படிக்கும்போது நான் மார்க் ஷீட் காட்டியதுபோல. இன்னும் இரண்டு வாரத்தில் பட்டைகளையும் திருப்பி வாங்கிக்கொள்வார்களாம். “முடிஞ்சுது பாப்பா. இனிமே நீ உனக்காகத் தூங்கலாம்.”

காலையில் ஓடாததால் அன்று மாலை நாலே முக்காலுக்கு நான் ஓடக் கிளம்பினேன். அப்பா ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். பின்னறையில் மெஷின் சத்தம். வெயில் சாய்ந்து தண்ணீர் தகடுபோலக் கிடந்தது. முதல் சுற்றை அப்பாவின் வேகத்தில்தான் போனேன். பிறகு ஏதோ ஒன்று கழன்றது. முடிந்துவிட்டது, விலக்கு கிடைத்துவிட்டது, யாருடைய வயதிலும் இனி ஓட வேண்டாம். தோளை நிமிர்த்தினேன். முழங்கால் தானாக எழும்பியது. ஏழு வாரத்தில் என்னைத் தாண்டிப் போன எல்லோரையும் தாண்டினேன். தேக்கத்தின் மறுகரையில் இடது கை அதிர்ந்தது. பார்த்தேன்: நூற்று ஐம்பத்தொன்று. கீழே சின்ன எழுத்தில், உங்கள் வயதுக்கு இது அதிகம், நிறுத்தி ஓய்வெடுக்கவும். மணி ஐந்து நாற்பது. எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்தவில்லை.

ஆறு மணிக்கெல்லாம் சார்ஜ் தீர்ந்து பட்டை அணைந்துவிட்டது; ஆறு பத்துக்கு வீட்டுக்கு வந்தேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா நாற்காலியில் இருந்தார், ஒரு கை கைப்பிடிக்கு வெளியே தொங்கியது. அந்தக் கையைத்தான் முதலில் தொட்டேன். அம்மாவைக் கூப்பிட்டேன். மெஷின் நிற்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். ஒரு தையல் முடியும் நேரத்துக்குப் பிறகுதான் அது நின்றது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது கொஞ்சம்தான். ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் போயிருக்கும். ரத்தக் குழாய் பல மாதமாக மெல்ல மெல்ல அடைத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். நடக்கவிட்டுப் பார்க்கும் ஒரு சோதனையிலேயே தெரிந்திருக்கும், ஏன் செய்யவில்லை. இல்லை டாக்டர், அவருடைய துடிப்பு ரொம்ப நன்றாக இருந்தது, டிப்போவில் ஒட்டியிருக்கிறார்கள் என்றாள் அம்மா. ஒரு பையில் அப்பாவின் சட்டையும் கண்ணாடியும் கொடுத்தார்கள். அம்மா அதைத் துழாவிவிட்டுப் பட்டை எங்கே என்று கேட்டாள். நான் திரும்பி நின்று சட்டைக் கைக்குள்ளிருந்து அவிழ்த்து, நான்தான் கழற்றினேன் என்று அவள் உள்ளங்கையில் வைத்தேன். ரப்பர் என் வியர்வையில் நனைந்திருந்தது. அம்மா தொட்டுப் பார்த்தாள். “இன்னும் ஈரமா இருக்கு” என்றாள். துடைக்காமல் கைக்குட்டையில் சுற்றி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆறாம் நாள் நாடி சார் வீட்டுக்கு வந்தார். காலர் அன்றும் மடங்கியிருந்தது. நாற்காலியில் உட்காரச் சொன்னபோது, அது யாருடையது என்று ஊகித்தவர்போல, முக்காலியில் உட்கார்ந்தார். அப்பாவைப் பற்றி நல்லதாகச் சொன்னார். தனக்கு நான்கு நாளாகத் தூக்கமில்லை என்றும் சொன்னார். எங்கே தவறு நடந்தது என்று தெரியவில்லை, பட்டையைக் கொடுத்தால் கடைசி நாளின் பதிவு அதற்குள் இருக்கும், டிப்போவில் வைத்து எடுத்துப் பார்க்கலாம், மற்ற டிரைவர்களுக்காவது உதவும். அம்மா கைக்குட்டையை எடுத்தாள், அவிழ்க்கவில்லை. முதலில் தான் பார்க்க வேண்டும் என்றாள். பார்க்கத் தெரியாது, எப்படிப் பார்ப்பதென்று சொல்லிக்கொடுங்கள்.

அவர் பையிலிருந்து அறிவிப்புப் பலகைத் தாளை எடுத்து விரித்தார். அப்பாவின் கோடு. என் கோடு. நான் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன். அவர் பென்சிலால் தொட்டுத் தொட்டுப் பொறுமையாக விளக்கினார். கீழே மணி, பக்கவாட்டில் துடிப்பு. இங்கே தூங்குகிறார். இங்கே எழுந்து நடக்கிறார், பாருங்கள், எவ்வளவு சீராக ஏறி எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது, நல்ல இதயம் என்றால் இறங்கும் வேகத்தில் தெரியும். அவர் வயதுக்கு நூற்று இருபது வரை பயிற்சி. நூற்றைம்பது என்றால் சிவப்பு, உட்கார்ந்திருக்கும்போது அது வந்தால் பயிற்சியில்லை. உடம்பு எதனோடோ போராடுகிறது. அம்மா அந்த இடத்தில் நிறுத்தி மறுபடி கேட்டாள். திடீரென்று நின்றால் எப்படி இருக்கும்? கோடு அப்படியே அறுந்துவிடும் என்றார் அவர். ரொம்ப நேரம் கஷ்டப்பட்டிருந்தால்? அவர் பென்சிலைக் கீழே வைத்தார். ஏறி, ஏறியபடியே இருக்கும் என்றார்.

அவர் நாளை வந்து பட்டையை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனார். தாளை விட்டுவிட்டுப் போனார். வாசல்வரை போன என்னிடம், பொழுது போகாதவர் கேட்பதுபோல, நீங்களும் ஓடுவீர்களா என்றார். என் வலது கையில் இருந்த பட்டையைப் பார்த்திருப்பார். எப்போதாவது என்றேன். தலையாட்டினார். படிகளில் இறங்கும்போது ஒருமுறை நின்றார், பிறகு இறங்கிப் போனார்.

உள்ளே வந்தபோது அம்மா பின்னறையில் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஆறு நாளாக அது ஓடவில்லை. ஊசியின் கீழே பாதி தைத்த காலர் அப்படியே இருந்தது. கைக்குட்டையை அவிழ்த்துப் பட்டையைச் சார்ஜரில் போட்டிருந்தாள். பச்சை விளக்கு எரிந்தது. பக்கத்தில் என் செல்போன், வாசற்பக்கம் திருப்பி எனக்காகவே வைத்ததுபோல. என்னைப் பார்க்காமல் அந்தக் காலரைப் பார்த்தபடி பேசினாள். அன்றைக்கு இருபது சட்டை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்ததாம். மத்தியானம் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவேயில்லையாம். நடுவில் ஒருமுறை யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்ததாம். டிவி என்று நினைத்துக்கொண்டாளாம். மெஷினை நிறுத்திக் கேட்கவில்லையாம்.

“அவரு சட்டுன்னு போயிட்டாரா, இல்ல என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டுப் போனாரா. இதுல இருக்கும்ல?”

நான் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தச் செல்போனுக்குள் ஐந்து நாற்பதுக்கு நூற்று ஐம்பத்தொன்று இருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் ஏறி, ஏறியபடியே அரை மணி நேரம் இருக்கிறது. அம்மாவுக்கு இப்போது அதைப் படிக்கத் தெரியும்.

அவள் நகர்ந்து, முக்காலியில் எனக்குப் பாதி இடம் விட்டாள்.

“உக்காரு. அஞ்சு மணியிலேருந்து காட்டு. ஒவ்வொரு நிமிஷமாக் காட்டு.”